நாற்பத்தொரு முறை நலம்

டீ நன்றாக இருந்தது, சார். பிஸ்கட்தான் நமத்துப் போயிருந்தது. இந்த ஊரில் மழை முடிந்து ஒரு மாதம் ஆனாலும் எதுவும் மொறுமொறுவென்று இருக்காது. டப்பாவை இறுக்கி மூடி வைக்கச் சொல்லுங்கள்.

வாக்குமூலத்தை எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுது என்றீர்கள். எனக்குத் தமிழைவிட வங்காளம் சரளம். பிறந்தது கிடர்பூர் துறைமுகக் குவார்ட்டர்ஸில். சண்டை போட்டது, காதல் கடிதம் எழுதி உதை வாங்கியது எல்லாம் வங்காளத்தில்தான். ஆங்கிலம் ஆபீசுக்கு. அதில் எழுத உட்கார்ந்தால் 'விசாரித்து வருகிறோம், சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று கை தானாக எழுதிவிடும். தமிழ் அம்மாவிடம் பேச மட்டும் வைத்திருந்த மொழி. அம்மாவிடம் பொய் செல்லாது என்பதால் அந்த மொழியில் எனக்குப் பொய் சொல்லிப் பழக்கம் குறைவு. மொழிபெயர்க்கப் போகிறவருக்கு என் அனுதாபங்கள்.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டது சாட்சியாக. டெக்னிக்கல் விஷயங்களை விளக்கினால் போதும் என்றீர்கள். நான் வந்தது ஒரு திருத்தத்துக்காக. எங்கள் கம்பெனி கொடுத்த அறிக்கையின் நான்காம் பக்கத்தில், 'மானிட்டரிங் குறைபாட்டால் அலாரம் வரவில்லை' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அந்த மானிட்டரிங்கைப் போட்டவன் நான். ராஜ்மோகன், வயது நாற்பத்தொன்று. அந்த வாக்கியம் தப்பு.

முதலிலிருந்து சொல்கிறேன். சால்ட் லேக்கில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். இரண்டு மாடி வீடு, ஒரு மாடி பூட்டியிருக்கும். பிள்ளைகள் பெங்களூரிலும் டொராண்டோவிலும் இருப்பார்கள். பெற்றவர்கள் இங்கே இருமிக்கொண்டு தனியாக இருப்பார்கள். இவர்களுக்காகத்தான் எங்கள் கம்பெனி ஒரு பட்டன் செய்தது. வெள்ளையாக, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். மேலே வங்காளத்தில் 'பாலோ ஆச்சி' என்று எழுதியிருக்கும். நலமாக இருக்கிறேன் என்று அர்த்தம். தினமும் காலை பத்து மணிக்குள் ஒருமுறை அமுக்க வேண்டும். அமுக்கினால் வெளிநாட்டில் இருக்கும் மகன், மகள் போனில் பச்சை டிக் விழும். பத்து மணிவரை அமுக்கவில்லை என்றால் எங்கள் ஆபீஸ் டிவியில் சிவப்பு விழும். போன் செய்வோம். எடுக்கவில்லை என்றால் எங்கள் ஆபீஸ் ஆள் தாபஸ் தா (தா என்றால் அண்ணன்) மாற்றுச் சாவியுடன் ஸ்கூட்டரில் போய்க் கதவைத் திறந்து பார்ப்பார்.

ஆரம்பத்தில் ஆபத்துக்கென்று இன்னொரு பட்டனும் இருந்தது. வயதானவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றி அமுக்கிக் குழப்பினார்கள். எங்கள் மேலாளர் ரமேஷ்பாபு விசாகப்பட்டினத்துக்காரர், எதையும் சுருக்கமாகச் செய்கிறவர். ஆபத்துப் பட்டனை எடுத்துவிட்டார். "ஆபத்து என்றால் அமுக்காமல் இருக்கட்டும், அதுதான் சிக்னல்" என்று எல்லாருக்கும் சொல்லச் சொன்னார். கேட்கும்போது புத்திசாலித்தனமாகத்தான் இருந்தது.

பட்டனை அமுக்கினால் ஒரு பதிவு டேட்டாபேஸில் போய் விழும். டேட்டாபேஸ் எங்கள் ஆபீஸில் இல்லை. கிளவுட் என்பார்கள். வேறு யாரோ கட்டி வைத்த இடத்தில் எங்கள் மேஜை நாற்காலி கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரை இடிக்க நமக்கு உரிமை இல்லை, மீட்டர்களைப் பார்க்கலாம். சிபியு எவ்வளவு சூடு, நினைவகம் எவ்வளவு மிச்சம், டிஸ்கில் எவ்வளவு இடம், எத்தனை பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்திருக்கிறார்கள். இந்த நாலு மீட்டரைப் போட்டுவிட்டு, மானிட்டரிங் முடிந்தது என்று சாப்பிடப் போகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறைய பேர். அவர்களை நான் மதிப்பதில்லை. இந்த நாலும் பச்சையாக இருக்கும்போதே டேட்டாபேஸுக்குள் ஒரு பதிவுகூட வராமல் ஈயோட்டிக்கொண்டிருக்கலாம்.

அதனால் நான் ஐந்தாவதாக ஒன்று போட்டேன். எங்கள் வாடிக்கையாளர்கள் அறுநூற்று நாற்பது பேரில் ஒவ்வொருவரும் வழக்கமாக எத்தனை மணிக்கு, எத்தனை முறை அமுக்குகிறார்கள் என்று அது கற்றுக்கொள்ளும். வழக்கத்துக்கு மாறாக எது நடந்தாலும் என் போன் அடிக்கும். பத்து நிமிடத்தில் ஒரே பட்டனிலிருந்து நாலு பதிவு வந்தாலும் அடிக்கும். இதை யாரும் கேட்கவில்லை. மூன்று மாதம் உட்கார்ந்து நானே செய்தேன். பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுகிறேன் என்று நினைக்கிறீர்கள். எனக்குப் பிள்ளை இல்லை.

இனி சுலோசனா அத்தை. வாடிக்கையாளர் எண் 417. ரத்த சம்பந்தம் கிடையாது. அவர் கணவர் இராஜமாணிக்கம் மாமாவும் என் அப்பாவும் தூத்துக்குடியிலிருந்து ஒரே வருடம் இங்கே துறைமுக வேலைக்கு வந்தவர்கள். குவார்ட்டர்ஸில் எதிரெதிர்க் கதவு. ரிட்டயர் ஆனதும் மாமா சால்ட் லேக்கில் ஒரு குடியிருப்பின் இரண்டாம் மாடியில் ஃபிளாட் வாங்கினார், மூன்றாம் வருடம் போய்ச் சேர்ந்தார். ஒரே மகள் அனுராதா டொராண்டோவில். எனக்கு அனு அக்கா, சின்ன வயதில் கணக்குச் சொல்லிக்கொடுத்து மண்டையில் குட்டியவர். அத்தைக்கு எழுபத்து மூன்று வயது. இலிஷ் மீனில் புளி ஊற்றிக் குழம்பு வைப்பார். வங்காளிகள் நிறைந்த கட்டடத்தில் அது கிட்டத்தட்டக் கொலைக்குற்றம். கீழ்வீட்டு அம்மாள், நாங்கள் மாஷிமா என்று கூப்பிடுகிறவர், ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. எனக்கு அத்தையைப் பிடிக்கும். இதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள், பிற்பாடு சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அவருக்கு இந்தப் பட்டனை வாங்கச் சொன்னது நான். கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிவிட்டதும் நான்.

"மாமா போனப்புறம் கழுத்து வெறுமனே கெடந்துச்சு. இப்ப நீ ஒண்ணக் கட்டிவிட்டுட்ட" என்று சொல்லிவிட்டு அத்தையே சிரித்தார். பிறகு பட்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத அமுக்குனா யாருக்குல தெரியும்?"

"அக்காவுக்குத் தெரியும். ஆபீஸ் டிவியில தெரியும். எனக்கும் தெரியும்."

"ஒனக்குமா?"

"ஒவ்வொரு தடவையும் தெரியும் அத்தே. நீங்க சும்மா நாலு தடவ அமுக்குனாக்கூட எனக்கு மணி அடிக்கும்."

உடனே நாலு தடவை அமுக்கினார். என் சட்டைப் பையில் போன் அடித்தது. "அட களவாணிப் பயலே" என்று கைதட்டினார். "அப்ப எனக்குப் பயமில்ல. நீ பாத்துக்கிட்டுத்தான இருப்ப." அந்த வாரம் இன்னும் இரண்டு முறை அடித்துச் சோதித்தார். நான் இரண்டு முறையும் போன் செய்தேன், "அத்தே, போதும்" என்றேன். அவருக்கு அது ஒரு விளையாட்டு.

பிரச்சினை பட்டனில் இல்லை, மறதியில். வயதானவர்கள் மறப்பார்கள். சனிக்கிழமை என்றால் பாதிப் பேர் காளிகாட் போய்விடுவார்கள், பட்டன் வீட்டில் ஆணியில் தொங்கும். தினமும் முப்பது சிவப்பு. ஆபீசுக்கு யாராவது பார்வையிட வந்தால் அந்தப் பெரிய டிவி அம்மை போட்ட முதுகாகத் தெரியும். ரமேஷ்பாபுவுக்கு முகம் கறுத்துவிடும். தாபஸ் தா நாள் முழுவதும் கதவைத் திறந்து திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அத்தையின் கதவையும் திறந்துவிட்டார்.

"ஏல மோகன், நான் குளிச்சிட்டு ஈரத்துணியோட வாரேன், நடுவீட்டுல ஒருத்தன் செருப்புக் காலோட நிக்கான்" என்று போனில் கத்தினார். "எனக்கு மறந்து போவுதுடே. நீதான கம்ப்யூட்டர்ல இருக்க? எனக்குப் பதிலா நீயே அமுக்கிவிட்டுரு."

நியாயமான கோரிக்கை. பத்து வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். 9:55 வரை 417-இன் பதிவு வராவிட்டால், அதுவே அத்தையின் பெயரில் 'நலம்' என்று ஒரு பதிவு போட்டுவிடும். நேரம் 8:14 என்று விழும். அத்தை வழக்கமாக அமுக்கும் நேரம் அதுதான். தானே அமுக்கியதும் புரோகிராம் அமுக்கியதும் பிரித்துத் தெரிய வேண்டும் என்று எனக்கு மட்டும் ஒரு தனி கிராஃப் வைத்துக்கொண்டேன். மனிதர்களை ஏமாற்றலாம், மானிட்டரிங்கை ஏமாற்றக் கூடாது. அது என் கொள்கை.

அத்தைக்குச் செய்ததை மற்றவர்களுக்குச் செய்யாவிட்டால் பாரபட்சம். அடிக்கடி மறக்கும் பத்தொன்பது பேரைச் சேர்த்தேன். பிறகு எழுபது. மழைக்காலம் முடிவதற்குள் இருநூறு பேருக்கு என் புரோகிராம்தான் காலையில் நலமாக இருந்தது. டிவி பச்சைப் பசேலென்று ஆயிற்று. தாபஸ் தா உட்கார்ந்து டீ குடித்தார். ரமேஷ்பாபு என் தோளைத் தட்டினார்.

"என்ன செய்தாய்?"

"கொஞ்சம் டியூன் பண்ணினேன்."

"எப்படி என்று சொல்லாதே" என்றார். அந்த மனிதருக்கு அந்தளவு மோப்ப சக்தி இருந்தது.

நடுவில் ஒரு சின்னச் சங்கடம். லேக் டவுனில் ஒரு பெரியவர் ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் சூழ, எந்தக் குறையும் இல்லாமல் இறந்தார். தகனம் முடிந்த மறுநாள் காலையும் அதற்கடுத்த காலையும் அவர் நலமாக இருப்பதாக மகன் போனில் டிக் விழுந்தது. மகன் பக்திமான். அப்பா எங்கிருந்தோ சொல்கிறார் என்று நெகிழ்ந்து எங்களுக்கு நன்றிக் கடிதம் அனுப்பினார். ரமேஷ்பாபு அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார், போனால் பாருங்கள்.

அப்புறம் துர்கா பூஜை வந்தது. பூஜையென்றால் இந்த ஊரில் ஐந்து நாள் யாரும் வேலை செய்யமாட்டார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் டேட்டாபேஸுக்கு லீவு கிடையாது, யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். ஏழு வருடமாக அந்த யாராவது நான்தான். "தோர் தோ பொங்கல் ஆச்சே ரே" என்பார்கள். உனக்குத்தான் பொங்கல் இருக்கிறதே என்று. பொங்கலன்று லீவு கேட்டால், "அது ஏதோ டிபன்தானே" என்பார்கள். நான் பிறந்த ஊர் இது. என் பாடாவின், அதாவது எங்கள் தெருவின், பந்தலுக்குப் பத்து வயதிலிருந்து மூங்கில் சுமந்திருக்கிறேன். ஏழு வருடமும் அஷ்டமி அஞ்சலிக்குப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது போன் அடிக்கும். பூவைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். எனக்குக் கோபம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

இந்த வருடம் அப்படி வேண்டாம் என்று முடிவு செய்தேன். சஷ்டியன்று காலை, என் புரோகிராமை அறுநூற்று நாற்பது பேருக்கும் திறந்துவிட்டேன். ஐந்து நாளும் யார் அமுக்கினாலும் அமுக்காவிட்டாலும் பச்சை. தாபஸ் தாவுக்கும் மற்றவர்களுக்கும் லீவு கொடுக்கச் சொன்னேன்.

"சிவப்பு விழுந்தால் யார் போவது?" என்று ரமேஷ்பாபு கேட்டார்.

"விழாது சார்."

 அவர் குடும்பத்துடன் அரக்குப் பள்ளத்தாக்கு பார்க்கக் கிளம்பினார்.

சப்தமி. எங்கள் பிளாக் பந்தலில் மதியம் கிச்சுடி போக், அதாவது பிரசாதக் கிச்சடி. பெரிய வரிசை நிற்கும் என்று பத்தரைக்கே போய் நின்றேன். தோள்பையில் லேப்டாப். வரிசை கொஞ்சம் நகர்ந்திருக்கும், 10:52-க்குப் போன் அடித்தது. 417. எட்டு நிமிடத்தில் நாற்பத்தொரு பதிவு. நலம், நலம், நலம் என்று நாற்பத்தொரு முறை.

நாலு பதிவு வந்த உடனே ஏன் அடிக்கவில்லை என்று கேட்பீர்கள். 10:44-க்கே அடித்திருக்கிறது. பந்தலில் அடிக்கும் தாக்கு மேளத்தின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. நான் கவனிக்கும்வரை ஒவ்வொரு நிமிடமும் விடாமல் அடித்திருக்கிறது. அது அதன் கடமையைச் செய்தது.

ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கிராஃபைப் பார்த்தேன். உங்களிடம் முதல் நாள், பட்டன் ஈரத்தில் சிக்கிக்கொண்டது என்று நினைத்ததாகச் சொன்னேன். சிக்கிக்கொண்ட பட்டன் எப்படி எழுதும் என்று எனக்குத் தெரியும். சரியாக இரண்டு நொடிக்கு ஒன்று, சீராக எழுதும். இது அப்படி இல்லை. நாலு, ஒரு இடைவெளி. நாலு, ஒரு இடைவெளி. அப்புறம் நாலு, நீண்ட இடைவெளி. கடைசியாக ஒன்று மட்டும் ஒற்றையாக. எண்ணிப் பார்த்தால் பத்து நாலும் ஒன்றும். இயந்திரத்துக்குக் களைப்பு வராது. நாலு நாலாக அமுக்கினால் எனக்கு மணி அடிக்கும் என்று உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும், ஒருவன் நான்.

அத்தை விதியை மீறினார் என்று எங்கள் கம்பெனி வக்கீல் சொல்கிறார். ஆபத்து என்றால் அமுக்காமல் இருந்திருக்க வேண்டும். அமுக்காமல் இருந்தாலும் அவருக்குப் பதிலாக என் புரோகிராம் அமுக்கிவிடும் என்பது அத்தைக்குத் தெரியும், அவர் கேட்டுத்தானே போட்டேன். அதனால் அவர் தனக்குக் கிடைத்த ஒரே வழியில் என்னைக் கூப்பிட்டார். தெளிவாகக் கூப்பிட்டார். எனக்கு உடனே புரிந்துவிட்டது.

எங்கள் பந்தல் இருந்த கருணாமயியிலிருந்து அத்தை வீட்டுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். மாற்றுச் சாவி ஆபீஸ் அலமாரியில் இருந்தது, அது வழியில்தான். போகலாம் என்று எழுந்தேன். எழுந்தவன் யோசித்தேன். போய்க் கதவைத் திறந்தால் ஆம்புலன்ஸ் வரும், அனு அக்கா வருவார், அந்த நாளின் பதிவுகளைக் கேட்பார்கள். அறுநூற்று நாற்பது பேரில் நானூற்றுச் சொச்சம் பேரை அன்று காலை நலமாக வைத்தது யார் என்று வெளிப்படும். அதுவும் பூஜை நேரத்தில், ஆளெல்லாம் லீவில் இருக்கும்போது. எல்லாச் சிவப்பும் ஒரே நாளில் விழும். கீழ்வீட்டு மாஷிமா பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் புரி கடற்கரைக்குப் போயிருக்கிறார் என்று அத்தை முந்தின வாரமே சொல்லியிருந்தார். அதுவும் ஞாபகம் இருந்தது. இருந்தாலும் நினைத்தேன்.

பின்னால் நின்றவர், "தாதா, வரிசையில் இருக்கிறீர்களா இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன்.

அப்புறம் லேப்டாப்பைத் திறந்து ஒரு வேலை செய்தேன். 'ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பதிவு மட்டும்' என்று டேட்டாபேஸில் ஒரு விதி போட்டேன். நல்ல விதிதான், முதல் நாளே போட்டிருக்க வேண்டும். இரண்டாவது முறை அமுக்கினால் டேட்டாபேஸ் வாங்கிக்கொள்ளாது, திருப்பி அனுப்பிவிடும். 417-க்கான அலாரத்தையும் அணைத்து வைத்தேன். அதை அணைக்கும்போது காரணம் எழுத ஒரு கட்டம் வரும். எழுதாமல் அணைக்க விடாதபடி நான்தான் செய்துவைத்திருக்கிறேன். 'ஒரே பதிவு திரும்பத் திரும்ப வருகிறது' என்று எழுதினேன். கிச்சுடி நன்றாக இருந்தது. தொட்டுக்கொள்ளக் கொடுத்த காய்கறி லாப்ராவில்தான் உப்புக் கம்மி.

அஷ்டமி. ஏழு வருடத்தில் முதல்முறையாகப் பூவைக் கீழே வைக்காமல் அஞ்சலி கொடுத்தேன். கண்ணில் நீர் வந்தது, சார். மதியம் அனு அக்காவிடமிருந்து மெசேஜ். 'மோகன், அம்மா ரெண்டு நாளா ஃபோன் எடுக்கல. பயமா இருக்கு. ஏக்டு தேக்பி?' கொஞ்சம் பார்க்கிறாயா என்று அர்த்தம். அக்காவுக்குக் கெஞ்ச வேண்டிய இடத்தில் வங்காளம்தான் வரும்.

அவருக்கு நான் பொய் சொல்லவில்லை. அன்றைய டிக்கைப் படம் பிடித்து அனுப்பினேன். காலை 6:03, நலம். அது என் புரோகிராம் போட்டதில்லை. தனி கிராஃபில் பார்த்தேன், அத்தையே அமுக்கியது. 'அத்தை பந்தல்ல இருப்பாங்க அக்கா, தாக்குச் சத்தத்துல ஃபோன் கேக்காது. பூஜை முடியட்டும், பேசுவாங்க' என்று எழுதினேன். அக்கா கைகூப்பும் பொம்மை ஒன்று அனுப்பினார். பிறகு, 'நீ அங்க இருக்கியே, அது போதும்' என்று அனுப்பினார்.

உங்கள் டாக்டர் அறிக்கையில், இடுப்பு எலும்பு முறிவு, நீரிழப்பு, மரணம் 'சுமார் நவமி பிற்பகல்' என்று இருக்கிறது. டாக்டர்கள் சுமாரோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். என்னிடம் சுமார் கிடையாது. டேட்டாபேஸ் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பிய பதிவுகளும் ஒரு கோப்பில் சேரும். அதையும் நான்தான் ஏற்பாடு செய்தேன். சப்தமி 10:58-லிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு முறை மறுத்திருக்கிறது. முதலில் நாலு நாலாக, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. கடைசி மறுப்பு நவமி மதியம் 1:06. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. பிரதி எடுத்து இணைத்திருக்கிறேன்.

தசமியன்று காலை 8:14-க்கு அத்தை நலமாக இருந்தார். ஏகாதசியன்று 8:14-க்கும். இந்த இரண்டும் என் புரோகிராம்.

ஏகாதசியன்று பதினொரு மணிக்கு, பூஜை முடிந்ததும் பெரியவர்களுக்குச் சொல்லும் பிஜயா வாழ்த்தைச் சொல்லிக் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று தாபஸ் தா ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்புடன் அத்தை வீட்டுக்குப் போனார். யாரும் அனுப்பவில்லை. ஈரத்துணியோடு இருந்த பெண்மணியிடம் செருப்புக் காலோடு நின்றோமே என்று அவருக்கு மனதில் இருந்திருக்கிறது. மணி அடித்துப் பார்த்தார். ஆபீஸுக்குப் போய்ச் சாவியை எடுத்துவந்து திறந்தார். சமையலறை வாசலில் கிடந்தார் அத்தை. போன் மேடைமேல் சார்ஜில் இருந்தது. பட்டன் உள்ளங்கைக்குள் இருந்தது. தாபஸ் தா எனக்குத்தான் முதலில் போன் செய்தார். "காலில் விழ வந்தேன் மோகன் தா, காலில் விழத்தான் வந்தேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அழுவதைக் கேட்டுக்கொண்டே நான் டிவியைப் பார்த்தேன். 417 பச்சை.

அனு அக்கா வந்தார், பார்த்தீர்கள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "நீ என்னடா பண்ணுவ, மெஷின் ஏமாத்திருச்சு" என்றார். அதுவரை எனக்கு எதுவும் ஆகவில்லை, சார். தூக்கம் வந்தது, பசித்தது. அந்த ஒரு வாக்கியம்தான் என்னவோ செய்துவிட்டது. வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மெஷின் யாரையும் ஏமாற்றவில்லையே என்று திரும்பத் திரும்பத் தோன்றியது.

மூன்றாம் நாள் ரமேஷ்பாபுவும் வக்கீலும் என்னை உட்காரவைத்து இந்த அறிக்கையைக் காட்டினார்கள். மழையால் நெட்வொர்க் பிரச்சினை, மானிட்டரிங் குறைபாடு, அலாரம் வரவில்லை. இதில் கையெழுத்துப் போட்டால் என் வேலை மட்டும்தான் போகும், வேறு எங்காவது சேர்த்துவிடுகிறோம் என்றார்கள். வக்கீல் நல்லவர், எனக்காகப் பரிதாபப்பட்டார். "தெரியாது என்று சொல்லுங்கள். தெரியாமல் நடந்ததற்கு யாரும் தூக்கில் போடமாட்டார்கள்" என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். தெரியாது என்று நான் சொன்னால் என்ன அர்த்தம்? என் அலாரம் அடிக்கவில்லை என்று அர்த்தம். நாளைக்கு இந்தத் தொழிலில் இருக்கும் எவனாவது அதைப் படிப்பான். நாலு மீட்டரைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறவன் படிப்பான். ராஜ்மோகன் போட்ட மானிட்டரிங் லட்சணம் இதுதானா என்று சிரிப்பான். அத்தை நாலு நாலாக அமுக்கியது வீண் என்று ஆகிவிடும். அது வீணாகவில்லை. ஒவ்வொன்றும் வந்து சேர்ந்தது.

ஆகவே நான்காம் பக்கத்தை இப்படித் திருத்திக்கொள்ளுங்கள். அலாரம் வந்தது. வர வேண்டிய ஆளுக்கு வந்தது. அத்தை விழுந்து கிடக்கிறார், என்னைக் கூப்பிடுகிறார் என்று சப்தமி காலை 10:52-க்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் அணைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் உயிரோடு இருந்தார், அதுவும் எனக்குத் தெரியும். கொலை என்று எழுதுவதானால் எழுதுங்கள், இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். மானிட்டரிங்கில் பிழை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.